ஊதச் சொல்லாத நாள்

நர்ஸ் ரேசரை வைத்துக் கழுத்தின் இடப்பக்கத்தை மழித்துக்கொண்டிருந்தபோது பாலிஷ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அசையாதீங்க ஐயா. வெட்டிடும்."

"எப்படியும் வெட்டத்தானே போறீங்க, சிஸ்டர்."

நர்ஸும் சிரித்தாள். கட்டிலின் கால்மாட்டில் அப்பாவின் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்த மூத்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் ஸ்கேன் அறை வாசலில் டாக்டர் அவளை நிறுத்தி விளக்கினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் இடப்பக்கம் முக்கால்வாசி அடைத்துக்கிடக்கிறது, வந்தது சின்னப் பக்கவாதம், பெரிதாக வருவதற்குள் குழாயைத் திறந்து அடைப்பை வழித்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "அன்னைக்குச் சாயங்காலம் பேச்சு குழறினதும் கால் இழுத்ததும் இதனாலதான்."

அந்த வாக்கியத்தோடுதான் அவள் இத்தனை நாளாகப் படுத்து எழுந்துகொண்டிருக்கிறாள்.

அவர் மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு வைத்த துணியால் தேய்த்துத் தேய்த்து, மேசையில் முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். அதனால் அவருடைய கை, சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் எப்போதும் ஸ்பிரிட் வாடை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த வாடை அவருக்கு நல்ல மறைப்பாக இருந்தது. எது வேலை, எது பாட்டில் என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது, மூத்தவளைத் தவிர.

குடியை விட்ட அன்றைக்கு அவரே வந்து அவள் முன்னால் குனிந்தார். "இனிமே தினமும் வாசல்லயே ஊதிக் காட்டறேன். நீ பாஸ் போட்டாத்தான் உள்ளே வருவேன்."

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஒன்பது வருடமாக அது நின்றதில்லை. முதலில் பயத்தோடு நடந்தது, பிறகு பழக்கமானது, கடைசியில் வீட்டுக்குள் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலைக்குப் போன பிறகு, "மைக்கு, ஊதவா?" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்.

ஒரே ஒரு நாள் அவள் ஊதச் சொல்லவில்லை.

அன்று சின்னவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தாமதமாக வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்பிரிட் வாடை வழக்கம்போல முன்னால் வந்து நின்றது.

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் பார்ப்பதற்குள் அவர் கையைப் பிடித்துப் பக்கத்துச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போய், பாலிஷ் டப்பாக்கள் அடுக்கிய பின்னறையில் தள்ளி வெளியே தாழ் போட்டாள். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அம்மாவிடம், "அப்பா சரியில்லை" என்று மட்டும் சொன்னாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்து, "அப்பாவுக்கு உடம்பு முடியலை, படுத்துட்டாரு" என்றாள். மைக்கில் பேசுகிற அதே குரல். பிசிறே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டுதல் என்று சொல்வதுகூட அதிகம். ஒரு கைதான். அதுவும் சரியாகப் படவில்லை. அவள் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

விருந்தாளிகள் போனபிறகு தாழை எடுத்தபோது அவர் கதவோரம் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணை வைக்கக் குனிந்தாள். அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. வெறும் தேநீர் வாசனை.

அப்போதே அவளுக்குத் தெரியும். மணி ஆகிவிட்டது, வாடை போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தாள். மறுநாள் காலையில் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நர்ஸ் நுரையைத் துடைத்துவிட்டு, கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். அப்பா கதவைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி மூத்தவளைக் கூப்பிட்டார்.

"மைக்கு, கிட்ட வா. அம்மா எங்கே?"

"சின்னவனோட வந்திட்டிருக்கு."

"வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அன்னைக்கு விஷயத்தை அம்மாகிட்ட நீ சொல்லாதே. ஆபரேஷன் முடியட்டும், நானே என் வாயால சொல்லிக்கறேன்."

"எந்த விஷயம்?"

"குடிச்சேன்ல. அது."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் கையிலேயே நின்றது.

"குடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?"

"அதான் இல்லை. ஈரத்துணி போட்டுத் துடைச்ச மாதிரி இருக்கு. கடைத்தெரு வரைக்கும் வந்தேன். செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு, எடுக்கக் குனிய முடியலை. அதுக்கப்புறம் உன் குரல்தான். திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டே." பேனாக் கோட்டைத் தொடாமல் கழுத்தைச் சொறிந்தார். "எங்கே குடிச்சேன், யாரோட குடிச்சேன், ஒண்ணும் தெரியலை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் மூக்கு தப்பாதே."

அவள் வாயைத் திறந்தாள்.

"பார்த்தியா, ஒன்பது வருஷம் விட்டுட்டு ஒரு நாள் தொட்டதுக்கு நேரா கழுத்தைப் பிடிச்சிருச்சு. என் மூஞ்சியை நானே கண்ணாடியில பார்க்கறதில்லை இப்போ."

"அப்பா, அது வந்து..."

கதவு திறந்தது. மயக்க மருந்து டாக்டர் உள்ளே வந்தாள். குள்ளமான, குரல் பெரிதான பெண்மணி. கோட்டுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தின் தலை எட்டிப் பார்த்தது.

"ஐயா, உங்களைத் தூங்க வைக்கப் போறதில்லை. கழுத்து மட்டும் மரத்துப்போகும். முழிச்சிட்டு என்னோட பேசிட்டே இருக்கணும்."

"என்ன பேசறது?"

"என்ன வேணா பேசுங்க. எனக்கு நேரம் போகணும்." வாத்தை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தாள். "நான் சொல்றப்பெல்லாம் இதை அமுக்கணும். கீச்சுன்னு கத்தும். டாக்டர் குழாயை இறுக்கிப் பிடிச்சிருக்கறப்போ இது கத்தினா, மூளைக்கு ரத்தம் வேற வழியில போகுதுன்னு அர்த்தம்."

"கத்தலைன்னா?"

"சின்ன டியூப் ஒண்ணை வெச்சு ரத்தத்தை அந்தப் பக்கமா திருப்பி விட்டுடுவோம்."

"ரோடு போடறப்போ மாத்து வழி விடற மாதிரி."

"அதேதான். ஐயாவுக்கு எல்லாம் புரியுது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சிகரெட்?"

"கிடையாது."

"குடி?"

அப்பா வாத்தைப் பார்த்தார். "விட்டாச்சு டாக்டர். ஒன்பது வருஷம் ஆச்சு." நிறுத்தினார். "நடுவுல ஒரு நாள் மட்டும். இது வந்த அன்னைக்கு."

டாக்டர் மூத்தவள் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு இவர் கூட நீங்கதானே இருந்தீங்க? குடிச்சிருந்தாரா?"

ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். ரயில் வருமா வராதா என்று ஆயிரம் பேருக்குத் தயங்காமல் சொல்கிற வாய் அது.

"வாடை... எப்பவுமே இருக்கும் டாக்டர். அவர் வேலையே ஸ்பிரிட்லதான்."

அது பதிலே இல்லை. ஆனால் டாக்டர் தலையாட்டிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகள் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் சமாளித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஆபரேஷனுக்குப் போகும்போது தள்ளுவண்டியில் படுத்தபடி அவளைப் பார்த்து நன்றியோடு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தக் கண்சிமிட்டலை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தார்கள். ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். அம்மா ஒரு முனையில் உட்கார்ந்து பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"இப்போ உள்ளே வாத்தைக் கத்தவிட்டுக்கிட்டே டாக்டருக்குப் பாலிஷ் போடக் கத்துக்கொடுத்திட்டிருப்பாரு பாரேன்."

யாரும் சிரிக்காததால் அவனே சிரித்துக்கொண்டான்.

"அக்கா, பொண்ணு வீட்டுல உன்னைப் பத்தித்தான் ஒரே பேச்சு தெரியுமா? அப்பாவுக்கு முடியலைன்னதும் பதறாம படுக்க வெச்சிட்டு வந்து, எங்களுக்கும் ஒரு குறை வைக்காம கவனிச்சாளே, எவ்வளவு பொறுப்புன்னு."

"சும்மா இருடா."

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? நீ அன்னைக்கு அவரைப் படுக்க வெச்சதாலதான் அதோட போச்சு. இல்லைன்னா ரோட்டுல விழுந்திருப்பாரு. கேளும்மா."

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையின் வார் விரலில் இன்னொரு சுற்று சுற்றியது.

மூத்தவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் சுவர் இருந்திருந்தாலும் அதையும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். தாழ் போட்ட விரல்களைப் பற்றி யோசித்தாள். தாழ் துருப்பிடித்தது. சுலபமாக நகராது. இரண்டு தடவை அழுத்தித்தான் தள்ளியிருந்தாள். முதல் தடவையோடு விட்டிருக்கலாம்.

மருந்து வாங்கச் சொல்லிச் சின்னவனை அனுப்பினார்கள். அவன் போன கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள். மூத்தவள் ஓடினாள்.

"நல்லா முடிஞ்சது. நடுவுல கொஞ்சம் வாத்து கத்தாம போச்சு. டியூப் வெச்சதும் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. கை கால் எல்லாம் அசைக்கறாரு."

மூத்தவள் கை கூப்பினாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்தும் அது பெரிதாகவே இருந்தது.

"ஒண்ணு சொல்லணும். என்ன வேணா பேசுங்கன்னு சொன்னேன் இல்லையா, மனுஷன் அந்த ஒரு நாள் குடிச்சதை மட்டும்தான் பேசினாரு. எம்பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியலைன்னு திரும்பத் திரும்ப. உள்ளே எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பிரஷருக்கும் நல்லது."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்குமா, இல்லையா, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மாலையில் அம்மாவையும் மூத்தவளையும் மட்டும் உள்ளே விட்டார்கள்.

அப்பாவின் கழுத்தில் பெரிய கட்டு. அதன் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சின்னக் குப்பியில் இறங்கியது. நர்ஸ் அவரைச் சிரிக்கச் சொன்னாள். சிரித்தார், வாய் கோணவில்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பையன்போல நீட்டினார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்து நின்றன.

"கட்டுக்கிட்ட வீக்கம் வந்தாலோ, தலை ரொம்ப வலிச்சாலோ உடனே கூப்பிடுங்க. அதிகம் பேச்சு கொடுக்காதீங்க. பிரஷர் ஏறக்கூடாது." கட்டிலோரம் பிரஷர் காட்டும் இயந்திரத்தைச் சுட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அப்பாவின் குரல் கரகரத்தது. "இங்கே வா" என்றார் அம்மாவிடம். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்களேன். பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லாம இருந்தாத்தான் ஏறும்." எச்சில் விழுங்கினார், வலித்தது. "அன்னைக்கு நான் குடிச்சிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை உடைச்சிட்டேன். அதனாலதான் இவ்வளவும்."

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. அடுத்த கட்டிலில் நர்ஸ் ஏதோ உறையைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் பார்வை மெதுவாக அம்மாவிடமிருந்து கழன்று, போர்வைக்கு இறங்கியது.

நாளைக்குச் சொல்லலாம் என்று மூத்தவள் நினைத்தாள். கட்டு பிரிக்கட்டும். பிரஷர் ஏறக்கூடாது என்று நர்ஸே சொல்லியிருக்கிறாள். எவ்வளவு வசதியான காரணம். அதற்குள் அவர் இன்னும் எத்தனை பேரிடம் இதைச் சொல்லுவார்? சின்னவனிடம் சொல்லுவார். சம்பந்தி வீட்டார் பழத்தோடு பார்க்க வரும்போது அவர்களிடமும் சொல்லிவிடுவார். ஒன்பது வருடத்தையும் தன் கையாலேயே சுரண்டி எடுத்துப் போட்டுவிடுவார்.

"அப்பா. நீங்க குடிக்கலை."

அவர் நிமிர்ந்தார்.

"பேச்சு குழறினது இந்த நோயால. நான்தான் குடிச்சிட்டீங்கன்னு நினைச்சு, அவங்க பார்த்துடக்கூடாதேன்னு உங்களைப் பின்னாடி ரூம்ல தள்ளித் தாழ் போட்டேன். கதவைத் தட்டினீங்க. எனக்குக் கேட்டுது. திறக்கலை."

மைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. வார்த்தைகள் உடைந்து உடைந்து விழுந்தன.

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "என்னை ஊதச் சொன்னியா?"

"இல்லைப்பா."

"நான் ஊதவே இல்லையா?"

"நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ராத்திரி தலையணை வைக்கறப்போ தெரிஞ்சுது. வெறும் டீ வாசனை. அப்பவும் ஒண்ணும் பண்ணலை."

"டீ." அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். "ஆமா, பட்டறையில டீ குடிச்சேன். டீதான் குடிச்சேன்." கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்தது. "அப்போ நான் தொடலை."

"தொடலைப்பா."

"ஏய், கேட்டியா? நான் தொடவே இல்லையாம்!"

அம்மா கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள். "என்னம்மா இது, இப்பதானே சொன்னேன்?"

"நான் குடிக்கலை, சிஸ்டர்" என்றார் அப்பா, கரகரத்த குரலில், முகமெல்லாம் மலர்ந்து.

"குடிக்கக் கூடாதுதான். ராத்திரி வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க."

மூத்தவள் நகரவில்லை. "அப்பா, நான் சொன்னது கேட்டுதா? நான் தாழ் போட்டேன்."

"சரி, சரி. விடு மைக்கு" என்று கையை வீசினார். அவர் காதுக்கு இன்னும் அந்த ஒரே செய்திதான் போய்க்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். முகத்தைத் திருப்பியிருந்தால் அதையும் தாங்கியிருப்பாள். இப்படிச் சந்தோஷப்பட்டால் அவள் என்ன செய்வாள்?

நடைபாதையில் துப்புரவுப் பெண் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கடந்து போகும் வரை அம்மாவும் மகளும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஈரம் காய்கிற வரை நின்றிருந்தார்கள்.

"அவர் சொன்னப்போ நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு நினைக்கிறே?" என்று அம்மா கேட்டாள்.

"கோபத்துலன்னு நினைச்சேன்."

"தட்டினது எனக்கும் கேட்டுது."

மூத்தவள் திரும்பினாள். அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"சமையலறைக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தானே. நீ டிவியைக் கூட்டி வெச்சே. நான் மிக்ஸியைப் போட்டேன். உள்ளே ஒண்ணுமே இல்லை. சும்மா ஓட விட்டேன்."

"நீயும் குடிச்சிருக்காருன்னு நினைச்சியாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று புரிய நேரமாயிற்று.

"உனக்கு அவர் மூச்சுதான் தெரியும். எனக்கு அவர் நடை தெரியும். எத்தனை வருஷம் ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். குடிச்சா ரெண்டு காலும் தள்ளாடும். அன்னைக்கு நீ சந்துல இழுத்துட்டுப் போனப்போ ஒரு கால் மட்டும்தான் இழுத்துது. அது குடிச்ச நடை இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கூடத்துல அவங்க உட்கார்ந்திருந்தாங்களே."



கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "ரெண்டு பேரும் வாங்க. உங்களைக் கூப்பிடலைன்னா பிரஷர் இறங்காது போல."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இதை அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்குப் பிடித்த மாதிரியும் இருந்தது, நிறுத்திவைக்கப் பிடித்த மாதிரியும் இருந்தது.

உள்ளே அப்பா இரண்டு பேருக்கும் இடம் விட்டு, கட்டிலின் ஒரு ஓரமாக நகர்ந்து படுத்திருந்தார்.